கப்பல் நேரம்

…சொல்லத்தான் செய்தாள், காலையில் இறங்கும்போதே சொன்னாள், கப்பலில் கப்பல் நேரம்தான் கணக்கு, கரை நேரம் இல்லை, தீவில் கால் வைத்ததும் உன் போன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும் என்று, கேட்டால்தானே, டெல்மர் அவள் பேச்சைக் கேட்டால் அன்றைக்கு மழை கொட்டும், 'இத்தனை வருஷம் ரயில் ஓட்டினவனுக்கு நீ நேரம் சொல்லித் தர்றியா?' என்றான், இப்போது பார், மெக்சிகோக் கரையோரக் கொசுமெல் தீவின் துறையில் கப்பல் கிளம்பத் தயாராக நிற்கிறது, ஒலிபெருக்கி அவன் பெயரை மறுபடி மறுபடி ஏலம் போடுகிறது, திரு டெல்மர் கிராட்ஸ், திரு டெல்மர் கிராட்ஸ்… கேட்கட்டும், கப்பலில் உள்ள ஆறாயிரம் பேரும் கேட்கட்டும், ஓஹாயோவிலிருந்து இப்படி ஒரு பிறவி வந்திருக்கிறது என்று. ஊஞ்சல் வலை வாங்குகிறானாம், வீட்டில் அதைக் கட்ட ஒரு மரம் இல்லை, கடைக்காரனோடு பேரம் பேசிக்கொண்டே நின்றான், வெயிலில் தலை வெடித்தது, வாயேன் என்றாள், 'நீ போ, நான் வந்துடறேன்' என்றான், வந்துவிட்டாள். வெர்னா மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலியான துறையைப் பார்த்தாள்.

இது விடுமுறையாம்… முட்டைக்கு வரிசை, லிஃப்டுக்கு வரிசை, வெந்நீர்த் தொட்டியில் உட்கார வரிசை, நீச்சல் குளத்தருகே விடியும் முன்பே நாற்காலிகளில் எல்லாம் துண்டு விழுந்துவிடும், துண்டு போட்ட மகராசர்கள் மத்தியானம்தான் வருவார்கள், டெல்மரும் இரண்டு துண்டு போட்டான், அதில் மட்டும் சூரன், போட்டுவிட்டு அறையில் போய்க் குறட்டை, அவள் ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றைக் காவல் காத்தாள், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் 'ஆள் வருது, ஆள் வருது' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது, கல்யாணமான நாளிலிருந்து வேறு என்ன சொல்லியிருக்கிறாள், விருந்துகளில், மகள் பள்ளிக்கூட விழாவில், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, ஆள் வருது… அன்றெல்லாம் ரயில்மேல் பழி போடலாம், இப்போது ரயிலும் இல்லை, என்ன சாக்கு?

கம்பியோரம் கூட்டம் கூடிவிட்டது, ஆளுக்கொரு கோப்பையோடு. பிந்தி ஓடிவருகிறவர்களைக் கைதட்டி விரட்டுவது இவர்களுக்கு ஒரு வேடிக்கை. பக்கத்தில் ஒரு டெக்சாஸ்காரி, குடும்பமே ஒரே ஆரஞ்சு பனியன், 'இந்தக் கப்பல்லயே நல்ல ஷோ இதாங்க' என்றாள், 'போன வருஷம் ஒருத்தன் செருப்பைக் கையில தூக்கிட்டு என்னா ஓட்டம்! இன்னிக்கு யாரு, யாரோ டெல்மராமே?'

'யாரோ, தெரியலைங்க.'

அட, வாயில் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, ஆனால் அதற்குள் வெள்ளைச் சீருடைப் பெண் நேராக அவளிடம் வந்துவிட்டாள், கரையிலிருந்து திரும்பி ஏறியதுமே, புருஷன் இன்னும் வரவில்லை என்று வெர்னா போய்ப் புகார் சொன்ன அதே பெண். 'மேடம், கரைக்குப் போட்ட பாலத்தை எடுக்கப் போறாங்க. சார் பாஸ்போர்ட்டைக் குடுங்க, கரையில எங்க ஆள்கிட்ட விட்டுடறோம், அவர் விமானத்துல ஊருக்குப் போயிடலாம். நீங்களும் அவரோட இறங்குறதா இருந்தா, இப்பவே வரணும்.' டெக்சாஸ்காரி 'அடக் கடவுளே, உங்க ஆளா!' என்று வாயைப் பொத்தினாள். வெர்னா பையில் கைவிட்டாள். இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே ரப்பர் வளையத்தில், அவள்தான் போட்டது, இவனை நம்பி எதைக் கொடுக்க முடியும், வளையத்தைக் கழற்றினாள், ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள். 'நான் இங்கயே இருக்கேன்' என்றாள். யோசிக்கவே இல்லை. காற்று நன்றாக வீசியது, கடல் இவ்வளவு பச்சையா, வாரம் முழுக்க இது இங்கேதான் இருந்ததா?

ஓ என்று கூட்டம் கத்தியது. துறையின் கோடியில் டெல்மர், தோளில் சிவப்பு ஊஞ்சல் வலை, ஒரு நுனி தரையில் இழுபட, தொப்பை குலுங்க… எல்லாரும் 'ஓடு, டெல்மர், ஓடு!' என்றார்கள், வெர்னாவின் வாயும் திறந்தது, என்ன சொல்லத் திறந்தது என்று தெரியவில்லை, பாலத்தை இழுக்கப் போன ஆட்கள் நின்றார்கள், ஏறிவிட்டான்.

மேலே வந்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. திட்டுவதற்கு அவள் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். அவன்தான் முந்திக்கொண்டான். 'எங்க நீ இறங்கிட்டியோன்னு பயந்துட்டேன் வெர்னா. எனக்காக அந்தக் கரையில தனியா பெட்டியோட நிப்பியேன்னுதான் உசிரைக் கையில புடிச்சிட்டு ஓடி வந்தேன்.'

சீருடைப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். 'சாரோட பாஸ்போர்ட், மேடம்.'

டெல்மர் அந்த ஒன்றைப் பார்த்தான். 'உன்னோடது?'

'பையில இருக்கு.'

அவன் தலையாட்டினான், தலையாட்டிக்கொண்டே இருந்தான், பிறகு வலையைச் சுருட்டத் தொடங்கினான், ரொம்ப கவனமாக, சிக்கெடுத்துச் சிக்கெடுத்து. கப்பல் நகர்ந்தது. ரப்பர் வளையம் இன்னும் அவள் கட்டைவிரலில் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடலாம், ஒரு நொடி வேலை… வாரம் முழுக்க மூச்சு முட்டியதே, அவன் வராத அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் ஏன் முட்டவில்லை?