இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். மலைச்சாலையின் நடுவில், பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் இருந்தபோது, நான் புதிதாக வாங்கிய பழைய எஸ்யூவியின் முன்சீட்டில் பிறந்தது. அப்போது பக்கத்திலிருந்த மனைவியிடம் நான் சொல்லிக்கொண்டிருந்ததையே தொடக்கமாக வைத்துப் பார்த்தேன்:

"இந்த வண்டியின் முதல் சொந்தக்காரர் ஒரு சர்க்கஸ் முதலாளி. பின்சீட்டில் ஒரு சிங்கம், சீட்பெல்ட் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாக—"

அந்த இடத்தில்தான் இஞ்சின் அணைந்தது. வாக்கியமும் அங்கேயே நிற்கட்டும்.

(மனைவி தோளுக்கு மேல் எட்டிப் படிக்கிறாள். "சிங்கத்துக்கு யாருங்க பெல்ட் மாட்டிவிட்டது?" நியாயமான கேள்வி. வேறு தொடக்கம் பார்க்கிறேன்.)

2

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மகளுக்கு மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். மனைவிக்கோ முழங்கால் தேய்மானம். பேத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். போனில் காட்டினார்கள், கால் தெரிந்தால் தலை தெரியவில்லை, தலை தெரிந்தால் கால் தெரியவில்லை. முழுசாகப் பார்க்க வேண்டும் என்றுதான் வண்டி வாங்கினேன். அதுவோ மலையேறும் ஒவ்வொரு முறையும் பாதியில் படுத்துக்கொண்டது. சாவியைத் திருகினால் உடனே எழும். ஆனால் அடுத்த வளைவில் மறுபடியும் அதே கதை. ஒருமுறைகூட மேலே போய்ச் சேரவில்லை.

லாரிக்காரர் திட்டிவிட்டுப் போனதும் மனைவி தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னொரு தடவை நின்னுச்சுன்னா வண்டி புரோக்கர்கிட்ட, நான் நம்ம வீட்ல. பேத்தியைப் போன்லயே பார்த்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

3

மெக்கானிக்கிடம் விட்டேன். வீட்டுச் சாவிகளெல்லாம் அதே கொத்தில் இருந்ததால் வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். (இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்து இரண்டு முறை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.)

அவர் டீசல் ஃபில்டரை மாற்றினார், பேட்டரி முனையைச் சுரண்டினார், நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கினார்.

"சார், பெத்த புள்ளைகூட இப்படிச் சொன்ன பேச்சு கேக்காது. என்கிட்ட நிக்கவே மாட்டேங்குது."

"என்கிட்ட மட்டும் நிக்குதே?"

"உங்களைப் பிடிக்கலையோ என்னவோ."

* அடிக்குறிப்பு மாதிரி: இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கதையில் வரும் மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். இவர் தும்மினார். அவ்வளவுதான்.

4

கெஞ்சிக் கூத்தாடி ஒரு கடைசிப் பயணத்துக்குச் சம்மதம் வாங்கினேன். முதல் இரண்டு வளைவு சத்தமில்லாமல் போனது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"நான் வாலிப வயசுல ஒரு தடவை பிரேக் இல்லாத லாரியை இதே மாதிரி மலையிலேர்ந்து ரிவர்ஸ்லயே—"

இஞ்சின் அணைந்தது. ஓரமாக உருட்டி நிறுத்தினேன். முடிந்தது கதை என்று நினைத்தேன். (எழுதுகிறவன் அல்ல, ஓட்டுகிறவன் நினைத்தான்.)

மனைவி என்னைப் பார்க்கவில்லை. என் முழங்காலைப் பார்த்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்க. நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?"

சொன்னேன். இஞ்சின் ஓடியது.

"இப்ப அந்த லாரியைச் சொல்லுங்க."

கதையில் லாரி பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கும்போது எங்கள் இஞ்சின் அணைந்தது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "கல்யாணம் ஆனதிலேர்ந்து பார்க்கறேன். புளுக ஆரம்பிச்சா உங்க இடது கால் தையல் மெஷின் மாதிரி ஆடும்."

இது தானியங்கி கியர் வண்டி. இடது காலுக்கு வேலையே கிடையாது. கேட், பீரோ, மொட்டைமாடி, எப்போதோ தொலைந்துபோன பூட்டு ஆகியவற்றின் சாவிகளோடு ஒரு பித்தளை யானையும் சேர்ந்த கொத்து, ஸ்டியரிங்குக்கு இடப்புறம், அந்த முழங்காலுக்கு நேரே தொங்கியது. முட்டி எழும்பிக் கொத்தை இடிக்க, சாவி திரும்பி வண்டி அணைந்திருக்கிறது. பதற்றத்தில் நான் சாவியைத் திருகினேனே தவிர, அது ஏற்கெனவே ஆஃபுக்குத் திரும்பி நிற்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

"கால் ஆடறது தெரிஞ்சும் இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா ஆட்டறதை நிறுத்திடுவீங்க. அப்புறம் எது நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

கொத்தை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஒற்றைச் சாவியோடு மலையேறினோம். வழியெல்லாம் புளுகினேன், சிங்கம் பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டது, கால் ஆடியது, இஞ்சின் அசரவில்லை. நெஞ்சிலிருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து ரோட்டோரமாக வைத்த மாதிரி இருந்தது.

5

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: வாசலில் பேத்தி தன் அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தத்தித் தத்தி வந்து, நேராக என் இடது காலைக் கட்டிக்கொண்டாள்.

இன்னொன்று: நேராகப் பாட்டியிடம் போனாள். என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுது—

("முதல்ல என்கிட்டதானே வந்தா?" என்கிறாள் மனைவி.)

இரண்டிலும் பேத்தி தலை முதல் கால்வரை முழுசாகத் தெரிந்தாள். அதில் மாற்றமில்லை. மற்றது நிஜமா புளுகா என்றால், இதை நான் மேசை முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசை விரிப்பு தரைவரை தொங்குகிறது. மனைவிக்கு முழங்கால் மடங்காது, குனிய முடியாது.

நீங்கள்தான் குனிந்து பார்த்து அவளிடம் சொல்ல வேண்டும்.