நண்பகலுக்கு இரண்டு நிமிடம்

சட்டசபையின் முப்பதாம் நாள் பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. அதைத் தொடங்கி வைத்தவர் வாயிற்காவலர் ஓரின் ட்வெயிட். ஏணியில் ஏறி, சுவர்க் கடிகாரத்தின் ஊசலைக் கையால் பிடித்து நிறுத்தினார். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. அதில் புதுமை ஒன்றுமில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் வேலை மிச்சமிருந்தால் கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் பேசி முடிப்பது அந்த மாநிலத்தில் தாத்தா காலத்து வழக்கம். ஒரு மணி நேரம் நிற்கும், இரண்டு மணி நேரம் நிற்கும், பிறகு ஓடும்.

அந்த வசந்தத்தில் வெள்ளம் வந்தது. ஆளுநர் அவசர நிலை அறிவித்துப் பாலத்தை மூடினார், படகுகளையும் தடுத்தார். அவரை அடக்க நினைத்த சபை மார்தட்டிக்கொண்டு ஒரு சட்டம் போட்டது: சபை நீட்டிக்காவிட்டால் கூட்டத்தொடரின் முப்பதாம் நாள் நண்பகலில் அவசர நிலை தானாகச் செத்துவிடும். வெள்ளம் பன்னிரண்டாம் நாளே வடிந்துவிட்டது. உறுப்பினர்கள் பேசாமல் வீட்டுக்குப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் நீட்டிக்க ஆளுநர் கெஞ்சுகிறார் என்றதும் ஆளாளுக்கு ஆசை வந்தது. ஒருவருக்குச் சாலை, ஒருவருக்கு மருத்துவமனை, இன்னொருவருக்கு மருமகனுக்கு ஒரு வேலை. பேரம் படியவில்லை.

"ஓரின், அந்த ஏணிய எடுத்துக் கடிகாரத்த நிறுத்துப்பா. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்றார் சபாநாயகர் குல்பிரான்சன்.

நாள் முடியவில்லை, ஆகவே அவசர நிலையும் முடியவில்லை. நீதிபதிகள் நேரில் வந்து கடிகாரத்தைப் பார்த்து, பதினொன்று ஐம்பத்தெட்டுதான் என்று தீர்ப்பு எழுதினார்கள். ஆளுநர் அதன் பிறகு கெஞ்சுவதை நிறுத்திவிட்டார். சபைக்குள் காப்பி ஆறவில்லை, யாருக்கும் தாடி வளரவில்லை. வெளியே அவர்களுடைய மனைவிமார் கிழவிகளானார்கள், சிலர் வேறு கல்யாணமும் செய்துகொண்டார்கள். வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஓரினுக்கு மட்டும் முறைப்படி நரைத்தது.

அவருடைய மனைவி லவோன், தங்கையின் பிரசவத்துக்காக அக்கரையில் டோல்மன் ஊருக்குப் போன வாரத்தில்தான் பாலம் மூடப்பட்டது. தந்திக் கம்பிகளை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. சரிசெய்ய யாராவது அக்கரைக்குப் போக வேண்டும், ஆனால் உத்தரவுப்படி போகக் கூடாது. அதனால் லவோன் தினமும் நண்பகலில் கரைமேட்டில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பைக் கட்டினாள். சட்டசபைப் படிக்கட்டிலிருந்து அது தெரியும். உயிரோடு இருக்கிறாள் என்று ஓரின் புரிந்துகொண்டு, உள்ளே போய்ச் சபாநாயகரின் காதில் கேட்பார்.

"ஐயா, ஊசல ஆட்டி விடட்டுமா?"

"என்னப்பா அவசரம்? இப்பத்தானே நிறுத்தின!"

ஓரின் கீழ்ப்படிகிற மனிதர். அதுதான் அவரிடம் இருந்த கேடு.

பத்தொன்பதாம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள் விரிப்பு தெரியவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் ஓரின் யாரையும் கேட்காமல் ஏணியைச் சாய்த்தார். குல்பிரான்சன் கத்தினார். "யோவ், உனக்குப் பைத்தியமா? இன்னும் ரெண்டே ரெண்டு திருத்தம்தான்யா பாக்கி!" ஓரின் ஊசலைத் தட்டிவிட்டார். இரண்டு நிமிடத்தில் பன்னிரண்டு அடித்தது. அவசர நிலை செத்தது, கூட்டத்தொடரும் அதோடு முடிந்தது. உறுப்பினர்கள் சூடான காப்பியோடு வெளியே வந்து, தங்கள் கார்களைத் தேடினார்கள்.

காவலர்கள் பாலத்தின் தடுப்பைத் தூக்கினார்கள். முழங்கால் வலியோடு ஓரின் ஓடினார். அக்கரையிலிருந்து ஒரு கிழவி தடி ஊன்றி வந்தாள். பன்னிரண்டு ஒன்பதுக்கு ஆளுநர் புதிய அவசர நிலையில் கையெழுத்திட்டார். அதைத் தட்டிக் கேட்கச் சபை இல்லை. ஜனவரியில்தான் அது மறுபடி கூடும், அதற்கு முன் கூட்டுகிற அதிகாரம் ஆளுநருக்குத்தான் உண்டு. இரு முனையிலும் தடுப்பு விழுந்தபோது இருவரும் நடுப்பாலத்தில் நின்றார்கள்.

"துணி எங்க லவோன்? நான் செத்தே போயிட்டேன்" என்றார் ஓரின்.

"கிழிஞ்சுபோச்சு. பத்தொம்போது வருஷம் வெயில்லயும் மழையிலயும் தொங்குனா கிழியாதா?" அவள் மூச்சு வாங்கினாள். "கடிகாரத்த நிறுத்தினது நீதானே? ஓட விடுறதுக்கு உனக்கு ஒரு ஏணி கிடைக்கலையா, ஓரின்?"

பத்தொன்பது வருடமும் ஏணி அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது.

பாலத்துக்குள் யாரும் நுழையக் கூடாது, பாலத்திலிருந்து யாரும் கரையேறக் கூடாது என்று புதிய உத்தரவு சொன்னது. ஏற்கெனவே நடுவில் நிற்பவர்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆகவே அங்கேயே இருந்தார்கள். தங்கை மகள் அக்கரையிலிருந்து கயிற்றில் அடுப்பு அனுப்பினாள். தபால்காரர் கடிதங்களைத் தடுப்பிலிருந்து வீசக் கற்றுக்கொண்டார். லவோன் ஓரினுக்குச் சூப் வைத்துக் கொடுத்தாள். ஆகஸ்ட் வரை அவரோடு பேசவில்லை.

ஜனவரியில் சபை கூடியது, நீட்டிப்பதா வேண்டாமா என்று விவாதித்தது. முப்பதாம் நாள் நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் புதிய வாயிற்காவலர் அதே ஏணியைச் சாய்த்தார். நடுப்பாலத்தில் இருவரும் மணியோசைக்குக் காத்திருந்தார்கள். அடிக்காது என்று தெரிந்ததும் லவோன் புது விரிப்பை எடுத்துக் கம்பியில் கட்டினாள்.

"யாருக்குக் காட்டுற?" என்றார் ஓரின்.

"புதுசா வந்திருக்கானே, அவனுக்கு" என்றாள்.