கலைய மறுத்த பதினாறாவது நாற்காலி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது நான் யோசித்த கதை இல்லை. என் சொந்த வழக்குக்காக நீதிமன்றத்தில் காத்திருந்தபோது காதில் விழுந்தது. வழக்கு தள்ளிப்போனது, கதை கிடைத்தது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், சங்கத்தின் செயலாளர்...’

(மழையே இல்லை. அடித்துவிட்டேன்.)

2

நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுக்கும் சங்கம் அது. உறுப்பினர்களில் மிஞ்சியவர்கள் மூன்றே பேர்: செயலாளரான ஓய்வுபெற்ற நர்ஸ், அவர் தம்பி, ஒரு தையல்காரர். நர்ஸுக்கு முட்டி போய்விட்டது. சங்கத்தைக் கலைத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விடத் துடித்தார். ஆனால் தர்மச் சொத்து. நீதிமன்றத்தின் கண் முன்னால்தான் கலைக்க வேண்டும்.*

* தொடங்கியபோது எந்த நீதிபதியும் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லா நாற்காலிகளையும் வேறொரு தொண்டுச் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். பிறகு மூவரும் நேரில் கூடிக் கடைசித் தீர்மானம் போட வேண்டும். தனி ஆளுக்கு ஒரு திருகாணிகூடப் போகக் கூடாது. இதுதான் உத்தரவு.

பதினைந்து நாற்காலிகள் போயின. பதினாறாவதில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

3

(அவரை அழவைக்கலாம் என்று பார்த்தேன். ஆள் மசியவில்லை.)

“ஐயா, இதக் குடுத்துட்டா நான் கூட்டத்துக்கு வர முடியாது. நான் வரலேன்னா கூட்டம் செல்லாது. குடுக்கலேன்னா கூட்டமே கூடாதுங்கிறீங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரசு வக்கீல் எழுந்து, “யாராச்சும் தூக்கிட்டு வரலாமே,” என்றார்.

“நீங்களே வாங்க தம்பி. அப்படியே அளவெடுத்துக்கறேன், கோட்டு தோள்ல தொங்குது.”

வழக்கு தள்ளிவைக்கப்பட்டது.

4

முடிவு ஒன்று: நாற்காலியைப் பிடுங்குகிறார்கள். தையல்காரர் தரையில்...

(என்னால் முடியவில்லை.)

முடிவு இரண்டு: வாங்கிக்கொண்ட சங்கம் அவருக்கே இரவல் தருகிறது. விசாரித்தேன். அவர்களும் கலைப்பு மனு போட்டிருக்கிறார்களாம். பக்கத்து அறையில் விசாரணை.

நான் கண்டது இதுதான். வராந்தாவில் நர்ஸ் தையல்காரரிடம் வெடித்தார்: “உனக்காக நான் சாகிற வரைக்கும் செயலாளராவே இருக்கணுமா?”

“அப்போ இந்த நாற்காலியையும் எழுதிக் குடுத்துடுங்கக்கா. நான் எறங்கிடறேன்.”

நர்ஸ் பிரேக்கை எடுத்துவிட்டு, வலிக்கிற முட்டியோடு அவரைத் தள்ளிக்கொண்டு போனார்.

பதினாறாவது நாற்காலியை ஒப்படைத்ததற்கான ரசீது இந்தப் பக்கத்தின் அடியில் இருக்கிறது, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இல்லாமல். நீங்களே போட்டு முடித்துவிடலாம். அதற்கு முன், அவரை எங்கே இறக்கி உட்காரவைப்பீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.