மணி முதலில் அடித்ததா

மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் தமிழ்க் கடையின் கண்ணாடிக் கதவில், வாடகைக்கு நிலவறை வீடு என்ற அறிவிப்புக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் நடுவில் அந்தத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'பொன்னம்பாறை தங்கவயல் சின்ன ரயிலின் வரலாறு எழுதுகிறேன். ஆலங்குழி ஸ்டேஷனைப் பற்றித் தெரிந்தவர்கள் தயவுசெய்து அழைக்கவும். ஜெயராம், லொங்குய்ய்.' கீழே தொலைபேசி எண். அக்னெஸ் அதை இரண்டு தரம் வாசித்தாள். பருப்பு வாங்க வந்ததை மறந்து, வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. முப்பத்திரண்டு குழந்தைகளுக்கான சூப்பில் இரண்டு தரம் உப்புப் போட்டாள். குழந்தைகள் துப்பிய பிறகுதான் தெரிந்தது. வீட்டில் துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், மார்ச் மாதக் குளிர் உள்ளே வந்ததும் மூடினாள், பத்து நிமிடத்தில் மறுபடி திறந்தாள். அவள் கணவன் அருமைநாதன் பேப்பருக்குப் பின்னால் இருந்தபடி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவர், உடனே கேட்டால் பதில் வராது என்பது அவருக்குத் தெரியும்.

"ரெண்டு கிழமையா நீ ஒரு இடத்தில இருக்கிறாயில்லை," என்றார் ஒரு நாள். "என்னப்பா, மேலுக்குச் சரியில்லையோ?"

"ஒண்டுமில்லை. சனிக்கிழமை புஷ்பராணியிட்டப் போட்டு வாறன்."

சிநேகிதி புஷ்பராணி இருப்பதும் ஆற்றுக்கு அப்பால் அதே லொங்குய்யில். ஆகவே பொய் பாதிதான். பாதிப் பொய் சொல்வதில் அக்னெஸ் கெட்டிக்காரி இல்லை. சொல்லும்போதே கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

அருமைநாதன் மன்னார் ஆள். திருச்சியில் படிக்க வந்த இடத்தில், அங்கே தாதி வேலை பழகிக்கொண்டிருந்த அக்னெஸைக் கண்டு, அடம்பிடித்துக் கட்டியவர். மன்னாரில் பதினெட்டு வருடம், மொன்ட்ரியாலில் பத்து வருடம். அவளுடைய பேச்சே மாறிப்போயிருந்தது. கோயிலில் பலரும் அவளை மன்னார்க்காரி என்றுதான் நினைத்திருந்தார்கள். அவளும் திருத்தப் போகவில்லை. ஊர் எது என்று சொன்னால் அப்பா யார் என்று கேட்பார்கள். அப்பா யார் என்று சொன்னால் அந்த விபத்து வரும்.

விபத்தில் அவளுடைய பங்கு என்ன என்பது நாற்பத்து மூன்று வருடமாக அவளுக்கே தெரியாது. அதுதான் பிரச்சினை. தெரிந்திருந்தால் ஒன்று அழுதிருப்பாள், இல்லை நிம்மதியாக இருந்திருப்பாள். இரண்டுக்கும் வழியில்லாமல் ஒவ்வொரு உயிர்ப்புத் திருநாளுக்கு முன்பும் பாவசங்கீர்த்தனத்தில் சின்னச் சின்னப் பொய்களையும் கோபங்களையும் சொல்லிவிட்டு, இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்தாள். செய்தேனா இல்லையா என்று தெரியாத ஒன்றை எப்படிச் சொல்வது?

ஒன்பது மைல் ரயில்பாதை அது. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் இரண்டரை அடிதான். பெரிய ரயில் நிற்கும் சந்திப்பிலிருந்து தங்கச் சுரங்கம் இருக்கும் பொன்னம்பாறை வரை ஏறிப்போகும். சுரங்கத்துக்கு மரமும் கரியும் ஆட்களும் அதில்தான் போனார்கள். ஏற்றத்தில் அது போகிற வேகத்துக்கு, ஒருவன் இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்ப ஏறிவிடலாம். நடுவில் ஒரே ஸ்டேஷன் ஆலங்குழி. அதன் ஸ்டேஷன் மாஸ்டர் யோசெப், அக்னெஸின் அப்பா.

ஒற்றைப் பாதை என்பதால் அங்கே ஒரு கோல் இருந்தது. முழங்கை நீளம், ஒரு முனையில் பித்தளைப் பூண். அதைக் கையில் வாங்காமல் எஞ்சின் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. ஒரே திசையில் இரண்டு வண்டி போகவேண்டுமானால், முதல் வண்டிக்குக் கோலைக் காட்டிச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். அந்த வண்டி மேலே போய்ச் சேர்ந்ததும் பொன்னம்பாறையிலிருந்து ஃபோன் மணி அடிக்கும். அப்பா உள்ளே போய்ப் பேசிவிட்டு வெளியே வந்து, "கொண்டுபோ" என்பார். அக்னெஸ் கோலைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது வண்டியின் எஞ்சினுக்கு ஓடுவாள். ஸ்டேஷன் மாஸ்டர் தன் கையால்தான் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வாதம். டிரைவர் ஹென்றி, கோல் கொண்டுவரும் குழந்தையைத் தூக்கிவைத்து விசில் கயிற்றை இழுக்கவிடுவார். சட்டத்தை நினைத்து யாரும் வருத்தப்படவில்லை.

ஐம்பத்து மூன்று ஆகஸ்டில் ஒரு சாயங்காலம், ஷிஃப்டுக்குப் போகும் ஆட்களோடு முதல் வண்டி ஏறிப்போனது. பின்னால் சுரங்கத்துக்கு மரம் ஏற்றிய ஹென்றியின் வண்டி காத்து நின்றது. அக்னெஸ் கோலோடு ஓடினாள், விசிலை இழுத்தாள், மரவண்டி கிளம்பியது. முதல் வண்டி ஏற்றத்தில் பாதிவழியில் மூச்சுவாங்கி நின்றிருந்தது யாருக்கும் தெரியாது. வளைவைத் தாண்டி மரவண்டி அதன் வாலில் மோதியது. கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு கிறகரி செத்துப்போனார். அவருடைய மனைவி அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் இவர்களுக்கு இரண்டு வரிசை முன்னால் முட்டுக்காலிட்டு இருந்தாள். அந்த முதுகைப் பார்த்தபடிதான் அக்னெஸ் வளர்ந்தாள்.

அவளுக்கு நினைவிருப்பது இப்படி: மணி அடித்தது. அப்பா உள்ளே போனார். விசிலின் ஆசையில் அவர் வரும்வரை பொறுக்காமல் அவள் ஓடினாள். மணி அடித்தால் வண்டி சேர்ந்தாயிற்று என்றுதானே அர்த்தம், தினமும் அப்படித்தானே நடந்தது. ஆனால் அப்பா வேறு மாதிரிச் சொன்னார். "மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே நான்தான் உன்னைப் போகச் சொன்னேன். நீ சின்னப் பிள்ளை, வரிசை மாறிப்போச்சு உனக்கு." பத்து வயதில் கேட்டாள், பதினாறில் கேட்டாள், மன்னாருக்குக் கிளம்புமுன் ஒருதரம் கேட்டாள். மூன்று தடவையும் அதே வார்த்தை, அதே முகம். வேலை போய், மரக்கடையில் கணக்கு எழுதி, எழுபத்தொன்றில் இறக்கும்வரை அவர் அதை மாற்றவில்லை. அவளும் முக்கால்வாசி நம்பினாள். மீதிக் கால்வாசிதான் தூங்கவிடவில்லை.

ஆகவே சனிக்கிழமை ஆன்றி-பூராஸா ஸ்டேஷனில் மெட்ரோ ஏறியபோது அவளுக்குத் தேவையாக இருந்தது ஒன்றே ஒன்று. வரலாறு எழுதுகிறவர் பழைய காகிதங்களை வைத்திருப்பார். அதில் மணி முதலா, ஓட்டம் முதலா என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும்.

வண்டியில் இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. பெரி-யூகாம் ஸ்டேஷனில் மஞ்சள் பாதை ரயிலுக்கு மாறினாள். ஆற்றுக்கு அடியில் போகும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆற்றுக்கு அடியில் எங்கே இறங்குவது? லொங்குய்யில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் உருகிய பனிச் சேற்றில் நாற்பது நிமிடம் நடந்தாள்.

ஜெயராம் கதவைத் திறந்தார். மெட்ராஸ்காரர், உயரம், அறுபதைத் தொட்டவர், கம்பளிச் சட்டைப் பையில் நான்கு பேனா. ரயில் எஞ்சின் வடிவமைக்கிற வேலையில் இருந்தவரை முந்திய வருடம் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கும் எல்லாரையும் படுத்தியெடுத்தார் என்பது காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சியாமளாவின் முகத்திலேயே எழுதியிருந்தது. பொன்னம்பாறையை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்கோ ஒரு பழைய வரைபடத்தில் அந்த இரண்டரை அடிப் பாதையைப் பார்த்துக் காதல் கொண்டுவிட்டார், அவ்வளவுதான். சில பேருக்கு அப்படி.

"வாங்க, வாங்க. ஆலங்குழியில இருந்தவங்கன்னு ஃபோன்ல சொன்னீங்க. உங்க அப்பா ரயில்வேயா?"

"ஓம், ரயில்வேதான்," என்றாள் அக்னெஸ். அதற்குமேல் சொல்லவில்லை. "அந்த விபத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறியள்?"

ஜெயராம் முகம் மலர்ந்தது. நல்ல மனிதர்தான், ஆனால் நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய விபத்து அவருக்கு ஒரு கணக்குப் புதிர். எதிரில் இருப்பவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அதுக்காகத்தான் அந்த நோட்டீஸே ஒட்டினேன். பதினோரு லெட்டர் போட்டு விசாரணை ரிப்போர்ட்டோட காப்பி வாங்கினேன். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் யோசெப்புன்னு ஒருத்தர். சத்தியம் பண்ணி வாக்குமூலம் குடுத்திருக்கார். மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே, அஞ்சு பத்துக்கே, குழந்தைகிட்ட கோலைக் குடுத்து அனுப்பிட்டேன்னு."

அக்னெஸின் மூச்சு வெளியே வந்தது. ஓட்டம்தான் முதல். அப்பா சொன்னது சரி. சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கிறார். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள், முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தாள். எழுந்துபோய்விடலாம். அந்த இடத்தில் எழுந்திருந்தால் மிச்ச வாழ்நாளை நிம்மதியாகக் கழித்திருப்பாள்.

"ஆனா அது பொய்," என்றார் ஜெயராம்.

அவர் காகிதங்களைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "இது பொன்னம்பாறை ஸ்டேஷன் ஃபோன் புத்தகம். அஞ்சு பன்னிரண்டுக்கு ஆலங்குழியைக் கூப்பிட்டிருக்காங்க, முதல் வண்டி இன்னும் வரலையே, எங்கேன்னு கேட்டு. பேசி முடிச்சது அஞ்சு பதினாறு. இது மரவண்டி கார்டோட குறிப்பு. கோல் கைக்கு வந்ததும் கிளம்பினதுன்னு எழுதியிருக்கார், அஞ்சு பதிமூணு. ரெண்டு ஸ்டேஷன் கடிகாரமும், கார்டு வாட்சும் அன்னிக்கு மத்தியானம்தான் சரிபார்த்திருக்காங்க. வண்டி நகரும்போது அந்த மனுஷன் உள்ள ஃபோன் பேசிண்டிருக்கார். கோலைக் குடுத்தனுப்பினது அவர் இல்ல. எனக்கு என்ன புரியலைன்னா, மணி அடிக்கக்கூட காத்திருக்கலைன்னு சொன்னது தன் தப்பை இன்னும் பெருசாக்கிக்கிறது. சும்மா இருந்திருந்தா பாதித் தண்டனையோட போயிருக்கும். ஏன் அப்படி ஒரு பொய் சொல்லணும்? யாருக்காக?"

அக்னெஸ் அந்த எண்களைப் பார்த்தாள். ஐந்து பன்னிரண்டு. ஐந்து பதிமூன்று. ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒரு குழந்தை மேடை நெடுகிலும் ஓடியிருக்கிறாள். கார்டின் கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் எண்கள் தெளிவாக இருந்தன. மணிதான் முதல். அவளுடைய நினைவு சரி. வரிசை மாறியது அவளுக்கு இல்லை.

அழுகை வருமென்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம். இறந்து இருபத்தைந்து வருடமான மனிதர் மேல், அந்த அறையிலேயே நின்று கத்தவேண்டும் போலக் கோபம். மூன்று தடவை கேட்டேனே அப்பா. நீதான் செய்தாய், சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தாய் என்று ஒருதரம் சொல்லியிருந்தால் உன் மடியில் விழுந்து ஒருநாள் அழுது தீர்த்திருப்பேனே. எனக்காக நீ வேலையை விட்டாய், பெயரை விட்டாய், ஆனால் என்னையும் அதற்குள் விடாமல் கதவைச் சாத்திக்கொண்டாயே.

அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். ஜெயராம் பேனாவை மூடிவைத்தார். எஞ்சின்களைப் பற்றி மட்டும் யோசிக்கிற அந்த மனிதருக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது.

"அம்மா," என்றார் மெதுவாக. "நீங்க யாரு?"

"எனக்காகத்தான்," என்றாள் அக்னெஸ். "யாருக்காக எண்டு கேட்டியள். நான் யோசெப்பின்ர மகள். கோலைக் கொண்டுபோனது நான்."

சியாமளா கதவருகில் வந்து நின்றவள் அப்படியே நின்றாள். ஜெயராம் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"மன்னிச்சுக்கங்க. தெரியாம ஏதேதோ பேசிட்டேன்," என்றார். "புத்தகம் அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. அதை அப்படியே விட்டுடறேன். ஸ்டேஷன் மாஸ்டர் தன் தப்பை ஒத்துண்டார்னு முடிச்சுடறேன். உங்க பேர் எங்கயும் வராது. அவரும் அதைத்தானே விரும்பினார்."

அதைத்தான் விரும்பினார். அக்னெஸுக்கு அது தெரியாதா? நாற்பத்து மூன்று வருடம் காத்த பொய் அது. இன்னொரு ஐம்பது வருடம் தாங்கும். அருமைநாதனுக்குத் தெரியவராது, பிள்ளைகளுக்குத் தெரியவராது, கோயிலில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அப்பா கொடுத்ததை அவள் வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போகலாம்.

"இல்லை," என்றாள். "எழுதுங்கோ."

அவர் பேனாவை எடுக்கும்வரை நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

"கோலைக் கொண்டுபோனது அக்னெஸ், ஸ்டேஷன் மாஸ்டரின்ர மகள், ஒன்பது வயது. மணி அடிச்சாப் பிறகுதான் ஓடினவள். விசில் ஊதுற ஆசையில." அவர் எழுதி முடிக்கட்டும் என்று நிறுத்தினாள். அவளுடைய குரல் அதன்பிறகுதான் உடைந்தது. "அப்பா அவளைப் போகச் சொல்லேல்லை. அதையும் எழுதுங்கோ. அப்பா போகச் சொல்லவே இல்லை."