இல்லாத வாய்க்காலின் திறப்பு விழா

முப்பத்துமூன்று வருடம் அரசாங்க ஜீப் ஓட்டியவன் நான். பெயர் கனகரத்தினம், ஊரில் 'ஜீப் கனகர்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். கிளிநொச்சிக்கு வந்துபோன உத்தியோகத்தர்களின் முகங்களை மறந்துவிட்டேன். சப்பாத்துகளை மறக்கவில்லை. கதவைத் திறந்துவிடுகிறவனுக்கு முதலில் தெரிவது சப்பாத்துத்தானே. ஒரு சோடியைக் கையில் தந்தால், அதன் சொந்தக்காரர் கடைசியாக எந்த ஆண்டில் சேறு மிதித்தார் என்று மணந்து பார்த்தே சொல்லிவிடுவேன். அநேகமானோர் மிதித்ததே இல்லை.

ஆகவே பிரதேச சபையிலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நான் சிரித்த சிரிப்பில் முற்றத்தில் நின்ற மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடிவிட்டது.

நாங்கள் அனுப்பிய மனுவுக்குப் பதிலான அந்தக் கடிதம், பாலைமுறிப்புக் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவராகிய என் பெயருக்கு வந்திருந்தது. தாங்கள் குறிப்பிடும் இடத்தில் வாய்க்கால் எதுவும் வரைபடத்தில் இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் அது எங்கும் சென்று சேர்வதாகத் தெரியவில்லை. மேலும், தாழ்நிலமாகிய கடைசிக் காணி குடியிருப்புக்கு உகந்ததன்று. அங்கு வசிப்பவர் வேறிடத்துக்கு மாறிக்கொள்வது நல்லது. கீழே சபைச் செயலாளரின் கையெழுத்து, மயில் தோகை விரித்தது போல.

அந்த வாய்க்காலை எண்பத்துநான்கில் மண்வெட்டி பிடித்து வெட்டியவர்களில் நானும் ஒருவன். யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது, கூரை போடுவதற்கு முன்னரே அதைத்தான் தூர் எடுத்தோம். வீதியோரமாக எண்ணூறு மீற்றர் ஓடிக் குளத்தில் விழும். வரைபடம் கீறியவர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை என்றால் அது வாய்க்காலின் குற்றமா?

வவுனியாவில் மூன்று கடை வைத்திருக்கும் அப்புத்துரை, ஆவணியில் வந்து வீதிக்கரையில் கல்யாண மண்டபம் கட்டத் தொடங்கினார். கார்கள் திரும்ப இடம் வேண்டுமாம். தன் வாசலுக்கு முன்னால் போகும் வாய்க்காலில் நாற்பது அடிக்குக் கிரவல் மண் கொட்டி மூடிவிட்டார். அது அவருடைய காணியே அல்ல, வீதிக்கென்று ஒதுக்கிய நிலம். ஆனாலும் சபை அனுமதி கொடுத்துவிட்டது. வரைபடத்தில்தான் வாய்க்கால் இல்லையே.

புரட்டாதியில் ஒரேயொரு மழை, ஒரு மணித்தியாலம். கடைசிக் காணியில் இருக்கும் வடிவம்மாவின் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். குசினிக்குள் ஒரு விரால் மீன் நீந்தி வந்து அடுப்புக்குப் பக்கத்தில் தானாகவே படுத்துக்கொண்டது. விரால் என்றால் நம்பமாட்டீர்கள். சரி, கெளிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவம்மா எங்கள் சங்கத்தின் உபதலைவர். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து தகப்பனின் தோளில் வந்தவர். கடிதத்தை நான் கூட்டத்தில் வாசித்து முடித்ததும் எழுந்து நின்றார். கோபம் வந்தால் அவருக்குப் பிறந்த வீட்டுப் பேச்சு திரும்பிவிடும்.

"பதினோரு தடவ எந்திரிச்சு ஓடியாச்சுங்க. ஷெல்லுக்கு ஓடுனேன், சரி. ஒரு காரு திரும்புறதுக்காக ஓட மாட்டேன். கார்த்திகை மழைக்கு மூணு கிழமைதான் இருக்கு. தண்ணி வந்தா கூரையில ஏறிக் குந்திக்குவேன். சபைக்காரங்க கூரையோட தூக்கட்டும்."

"கூரை தாங்காது அக்கா," என்றார் நஜீம். இரும்புக்கடை வைத்திருப்பவர், ஊரின் ஒரே ஒலிபெருக்கியும் அவருடையதுதான்.

"எப்புடித் தாங்கும்? ஒங் கடைத் தகரந்தானே!"

கூட்டம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் பிடித்தது.

"இன்னொரு மனு எழுதுவம், கனகரண்ணை," என்றார் நஜீம், பேச்சை மாற்றி.

"மனுவை மேசையில வைப்பினம். வாய்க்காலை மேசையில வைக்கேலாது. செயலாளர் சேர் நேர வந்து பாக்கோணும்."

"கூப்பிட்டா வருவாரோ?"

"பாக்கக் கூப்பிட்டா வரமாட்டார். திறக்கக் கூப்பிட்டா வருவார்."

இது என் முப்பத்துமூன்று வருடப் படிப்பு. வெள்ளம் என்றால் அதிகாரி ஜீப் கண்ணாடியை ஏற்றுவார். உடைந்த வீதி என்றால் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்ப்பார். நாடா கட்டியிருந்தால் மட்டும், நான் பிரேக் பிடிப்பதற்குள் குதித்துவிடுவார். மீள்குடியேறிய காலத்தில் ஒரே கிணற்றை மூன்று பேர் மூன்று தரம் திறந்ததைக் கண்டவன் நான். நாலாவது ஆள் வந்தபோது கிணறே கூச்சப்பட்டு வற்றிவிட்டது.

அழைப்பிதழில் ஒரு பொய்யும் எழுதவில்லை. 'பாலைமுறிப்பு மழைநீர் வடிகால் திறப்பு விழா. பிரதம விருந்தினர்: பிரதேச சபைச் செயலாளர் அவர்கள்.' ஒரு மணித்தியாலத்துக்குள் சம்மதம் வந்தது. ஒரேயொரு கேள்விதான் கேட்டார்கள்: போட்டோக்காரர் வருவாரா?

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை ஊர் கூடிச் சிரமதானம். அறுபது பேர் என்று பதிவேட்டில் இருக்கிறது. எனக்கு ஆறாயிரம் பேர் போலத்தான் தெரிந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி, பத்து மணித் தேத்தண்ணிக்கு முன்னர் கிரவலை அள்ளி முடித்துவிட்டோம். வடிவம்மாவின் வீட்டுப் பக்கமாக மூன்றடி மண்ணை மட்டும் அணை போல விட்டுவைத்தோம். அதைத்தான் பிரதம விருந்தினர் திறக்க வேண்டும்.

அப்புத்துரை காரில் வந்து இறங்கினார்.

"ஆரைக் கேட்டு வெட்டுறியள்? பொலிஸைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடுங்கோ அப்புத்துரையர்," என்று அழைப்பிதழை நீட்டினேன். "வாறவைக்கும் சேத்து வடை சுடுறம். உங்களுக்கும் ஒரு மாலை கட்டச் சொல்லியிருக்கு."

அவர் வாசித்தார். திருப்பி வாசித்தார். செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தார். சேர் கூட்டத்தில் இருப்பதாகப் பதில் வந்தது. அனுமதி தந்தவரே திறக்க வருகிறார் என்றால், சபைக்குள் தனக்குத் தெரியாமல் ஏதோ நடந்துவிட்டது என்று மனுசன் நினைத்திருக்க வேண்டும். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

விழாவுக்கு முந்திய இரண்டு நாளும் வானம் எங்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டது. அப்படி மழை. அணைக்குப் பின்னால் தண்ணீர் கட்டி, வடிவம்மாவின் வாசலில் நாலு படியில் மூன்று மூழ்கிவிட்டன. அவர் அலுமாரியைக் கட்டிலுக்கு மேலே ஏற்றிவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விழாவுக்கு வந்து நின்றார்.

செயலாளர் வந்தார். சப்பாத்து கறுப்பு, பாரமில்லாத புது மாதிரி. சேறே காணாதது. நாங்கள் சாக்கு விரித்து வழி போட்டிருந்தோம். நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை எல்லாம் முடிந்து, எழுதிக் கொடுத்ததை ஒலிபெருக்கியில் வாசித்தார்.

"எமது சபையின் அயராத முயற்சியின் பயனாக, இம்மக்களின் நீண்டநாள் கனவாகிய இவ்வடிகால்…"

நஜீம் சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டிவிட்டார். கொக்கிளாய்க் கடலில் வலை இழுத்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நாடா வெட்டினார். மண்வெட்டியை வாங்கி, போட்டோவுக்காக அணையில் ஒரு கொத்துக் கொத்தினார். இரண்டு நாள் தண்ணீர் அதற்காகத்தான் காத்திருந்தது. அணை பிய்ந்தது. ஆயிரம் யானை ஒன்றாக எழுந்த சத்தம். சேர் நின்ற கரையும் சரிந்து, இடது கால் முழங்கால்வரை புதைந்தது. நானும் நஜீமும் கக்கத்தில் பிடித்து இழுத்தோம். கால் வந்தது. சப்பாத்து வரவில்லை. அது தண்ணீரில் தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி, வீதியோரமாகப் புறப்பட்டுவிட்டது.

அப்போதுதான் அப்புத்துரை ஓடி வந்து சேரின் காதில் சொன்னார். இரகசியம்தான், ஆனால் நஜீமின் மைக் பக்கத்தில் இருந்தது.

"சேர், இது நீங்கள் இல்லையெண்டு கடிதம் குடுத்த வாய்க்கால்."

சேரின் முகம் ஒரு கணம் நிறம் மாறியது. போட்டோக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏன் ஐயா, இது எங்கதான் போகுது?"

"உங்கட சப்பாத்துப் போற இடத்துக்குத்தான், சேர்."

அவர் ஒற்றைச் சப்பாத்தோடு நடக்கத் தொடங்கினார். பின்னால் ஊரே நடந்தது. சப்பாத்து முன்னால் போய்க்கொண்டிருந்தது. பாலை மரத்தடியில், வீதிக்குக் கீழே போகும் மதகுக்குள் நுழைந்தது. மறுபக்கம் ஓடிப்போய் நின்றோம். வரவில்லை. தண்ணீரும் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது.

 அந்த மதகைத் துப்புரவாக்க மறந்துவிட்டோம். விழாவுக்கு வாழைமரம் தேடி ஆறு ஊர் போன நான், மதகுக்குள் குனிந்து பார்க்கவில்லை.

"பாத்தியளே சேர்? எங்கயும் போகேல்லை," என்றார் அப்புத்துரை. "அந்தக் காணிக்கு வேற வழியில்லை. ஆக்களைத்தான் எழுப்போணும்."

வடிவம்மா முன்னால் வந்தார். தண்ணீருக்குள் இறங்கினார். மதகுக்குள் தோள்வரை கைவிட்டு இழுத்தார். ஒன்றும் அசையவில்லை.

"வேணாம் அக்கா, பாம்பு கீம்பு கிடக்கும்!" என்று நஜீம் கத்தினார்.

"இருந்தா அதையும் வேற எடத்துக்கு மாறச் சொல்லு!"

காலை மதகில் ஊன்றி மறுபடி இழுத்தார். ஒரு பெரிய பொட்டலம் பிய்ந்து வந்தது. வெறும் சீமெந்துப் பைகள். ஒன்றல்ல, முப்பது நாற்பது. ஊரிலே அந்த வருடம் சீமெந்து குழைத்தவர் ஒருவர்தான். எல்லோரும் அப்புத்துரையைப் பார்த்தோம். அவர் வானத்தில் ஏதோ பறவையைப் பார்த்தார்.

தண்ணீர் பாய்ந்து வந்தது. அதன் உச்சியில் சப்பாத்து, தேரில் வருவது போல. இன்னும் முந்நூறு மீற்றர் ஓடி, எங்கள் கண் முன்னே குளத்தில் விழுந்து, தாமரை இலையில் தட்டி நின்றது.

செயலாளர் தானே இறங்கி அதை எடுத்தார். தண்ணீரை ஊற்றினார். நல்ல மனுசன்தான், ஜீப்பிலிருந்து ஒருநாளும் இறக்கிவிடப்படாத மனுசன். ஈரத்தோடே காலில் மாட்டிக்கொண்டார்.

"அப்புத்துரை, வாசலுக்கு முன்னால கொங்கிறீற் பாலம் போடுங்கோ, கீழால தண்ணி போற மாதிரி," என்றார். "நான் திறந்த வாய்க்கால். இனி ஒரு பிடி மண் விழக் கூடாது."

நாங்கள் திரும்பி வந்தபோது வடிவம்மாவின் வாசலில் நாலு படியும் வெளியே தெரிந்தன.

செயலாளரின் பெயரைப் பெரிய எழுத்தில் கல்லில் வெட்டி வாய்க்காலோரம் நட்டோம். கார்த்திகையில் பெருமழை. விடியப்புறம் ஐந்து மணிக்கு என் தொலைபேசி அடித்தது. செயலாளர்.

"கனகரத்தினம் ஐயா, வாய்க்கால் ஓடுதோ? கல்லுக்கு ஒண்டும் ஆகேல்லையே?"

நான் அப்போது வடிவம்மாவின் வாசலில் குடையோடு நின்றேன். தண்ணீர் முதல் படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் வடிவம்மா தொலைபேசியைப் பறித்தார்.

"சேர், நான் வடிவம்மா. கடைசிக் காணி. எப்ப மாறணும்னு சொல்லுங்க."



"நீங்கள் அங்கயே இருங்கோ அம்மா."

"அதத்தாங்க நானும் சொன்னேன்," என்று தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு, அவர் விழா நாளிலிருந்து கட்டிலிலேயே நின்ற அலுமாரியை இறக்க ஆள் கூப்பிட்டார்.