மரத்தின் பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி நாளைக் காலை தன் அக்கா வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருகிற போக்கு அல்ல. தையல் மெஷினையும் கட்டி வைத்துவிட்டாள். அவர் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரே ஒரு தடவை கயாக்ல போயிட்டு வரலாமா? முன்னெல்லாம் போவோமே."

"கொட்டித் தீர்த்திருக்கு. ஆறு என்ன கதியில இருக்கோ?"

"மழைதான் விட்டாச்சே."

என்ன நினைத்தாளோ, சரி என்றாள். அந்தச் 'சரி'யைப் பிடித்துக்கொண்டு அவர் மனக்கோட்டையே கட்டிவிட்டார். இன்றைக்கு ஒரு பொழுது நல்லபடியாகக் கழிந்தால் கட்டிய மூட்டையை அவிழ்த்துவிட மாட்டாளா?

கயாக் என்கிற அந்த ஒல்லிப் படகில் அவள் முன்னால், அவர் பின்னால். காட்டுக்குள் ஓடும் அந்தச் சின்ன ஆறு வழக்கமாக முழங்காலைத் தாண்டாது. இன்று மரங்களின் இடுப்பைத் தொட்டுக்கொண்டு கலங்கிப் பாய்ந்தது. துடுப்புக்கு வேலையே இல்லை. கிளைகளிலிருந்து சொட்டிய நீர் அவள் பின்னங்கழுத்தில் வழிவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பேச வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது.

"அக்கா வீட்ல இடம் பத்துமா?" என்றுதான் வாயில் வந்தது.

"பத்தும். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்களே, எதிர்ல கிளை வருது, அதப் பாருங்க மொதல்ல."

சிரித்துவிட்டார். அவள் தோளும் லேசாகக் குலுங்கியது. இது போதும் என்று அவர் நினைத்தபோதே ஆறு வளைந்தது. வளைவில், வேரோடு சாய்ந்த மரம் ஒன்று குறுக்கே கிடந்தது.

படகு பக்கவாட்டில் போய் மோதியது. அப்படி மோதினால் மரத்தின் பக்கமே சாய்ந்து அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். பயந்து விலகினால் வெள்ளம் படகைக் கவிழ்த்துவிடும். கல்யாணமான புதிதில் அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அவள் மரத்தின் பக்கம் சாய்ந்தாள். அவர் உடம்பு மறுபக்கம் துள்ளியது.

கண்மூடித் திறப்பதற்குள் கவிழ்ந்தார்கள். ஒரு கையால் மரத்தையும் மறு கையால் அவருடைய மிதவைச் சட்டையையும் பிடித்துக்கொண்டு அவள்தான் கரைப்பக்கம் இழுத்தாள். படகு மரத்தடியில் போய்ச் செருகிக்கொண்டது.

இருமி ஓய்ந்தபின் அவர் சொன்னார். "உடம்பு தானா அந்தப் பக்கம் போயிடுச்சும்மா."

"தெரியும்." குரலில் கோபமே இல்லை, அதுதான் அவரை உலுக்கியது. "குழந்தை தங்காமப் போன அன்னிக்கும் இப்படித்தான். நான் ஆஸ்பத்திரியில கெடந்தேன், நீங்க கடை திறக்கப் போயிட்டீங்க. பயந்துதான் போனீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். திட்டக்கூட மனசு வரல. ஆனா எல்லாத்தையும் நான் ஒருத்தியே பிடிச்சுக்கிட்டு நிக்க முடியலங்க."

அவள் சட்டைக் கையைப் பிழிந்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கு மெஷின நான் தூக்கிட்டு வரேன். பஸ் கிளம்பற வரைக்கும் நிக்கிறேன்" என்றார் அவர்.

"கடை?"

"திறக்கல."

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள்.

"சரி. கனமா இருக்கும், பாத்துத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, சேற்றுப் பாதையில் முன்னால் நடந்தாள்.