நீலக் குப்பியும் சிவப்பு எண்ணெயும்

“கார்ல ஊத்துறத துப்பாக்கியில ஊத்துவியா? நாளைக்கு சோப்புத்தண்ணிய காபியில ஊத்துவ போலிருக்கே!”

“அட எல்வுட், கத்தாதீங்க. இன்ஜினுக்குள்ள என்னா சூடு, என்னா ஓட்டம்! அதையே தாங்குற எண்ணெய், வருஷத்துக்கு நாலு குண்டு சுடுற உங்க துப்பாக்கியத் தாங்காதா?”

“இன்ஜினக் கன்னத்துல வச்சுக்கிட்டா குறி பாக்குற? அந்த வாடைக்கே மான் மூணு மைல் தள்ளி ஓடிப்போயிடும்.”

“எங்க ஓடுது? வாரத்துக்கு ரெண்டு மானு ஹைவேயில கார்மேலயே வந்து முட்டுது. அந்த வண்டியெல்லாம் என் பட்டறையிலதான் நிக்குது. வேணும்னா வந்து பாருங்க, வாடைக்குப் பயந்த மான.”

துப்பாக்கிச் சங்கத்துக் கட்டடமே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின்போது கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த முகங்களெல்லாம், இப்போது பீன்ஸ் சூப்புக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கின. எல்வுட் ஃபெட்டரால்ஃப் அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். வெர்னா சிரித்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. புருஷன் ரஸ்ஸல் இறந்துபோன இந்த இரண்டு வருஷத்தில், அவள் பல் தெரியச் சிரித்து இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு முதன்முதலாக வந்ததும் வந்தது, ஒஹையோவிலிருந்து போன வசந்தத்தில் வந்து இறங்கிய டெல்மர் என்கிற மெக்கானிக்கின் மான் ஜோக்குக்கா வரவேண்டும்?

எல்வுட்டின் கோபத்துக்குக் காரணம் எண்ணெய் மட்டும்தான் என்று சொன்னால் ஊர் நம்பாது. ஆனாலும் எண்ணெயும் ஒரு காரணம்தான். அவருடைய இரும்புச்சாமான் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் உயரத்துக்கு நீலக் குப்பிகள் வரிசையாக நிற்கும். துப்பாக்கி எண்ணெய். இருபத்தைந்து வருஷமாக நவம்பர் பிறந்தால் பென்சில்வேனியாவின் அந்த மூலையிலிருக்கும் அத்தனை வேட்டைக்காரர்களும் அதற்காக வருவார்கள். குப்பி சின்னது, விலை பெரியது, கூடவே எல்வுட்டின் அறிவுரை அரைமணி நேரம் இலவசம். குப்பியைவிட அந்த அரைமணி நேரம்தான் அவருக்கு முக்கியம்.

டெல்மர் அதில் மண்ணைப் போட்டான். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஊற்றும் சிவப்பு கியர் ஆயிலில் இன்ஜின் ஆயிலைக் கலந்து, பழைய கெச்சப் பாட்டிலில் அடைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தான். கொட்டும் பனியிலும் உறையவில்லை, துருவும் பிடிக்கவில்லை என்று ஆளாளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். சங்கத்தில் ஒருவர் அசலான கெச்சப் என்று நினைத்து சாசேஜின்மேல் அதைப் பிழிந்து ஒரு கடி கடித்ததும் உண்டு. அவர்கூட டெல்மரைக் கோபிக்கவில்லை. தொண்டை வழுவழுவென்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படி ஒரு ராசி அவனுக்கு.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் நன்றி விருந்து வாரத்தின் செவ்வாய்க்கிழமை, வெர்னா நீளமான உறையோடு கடைக்குள் வந்தாள். எல்வுட் கல்லாவை விட்டு எழுந்தார். ரஸ்ஸலின் துப்பாக்கி.

“இந்தத் தடவை நானே போறேன் எல்வுட். திங்கக்கிழமை வேட்டை தொடங்குதுல்ல. ரெண்டு வருஷமா பீரோவுலயே கெடக்குது. ரஸ்ஸல் எப்பவும் உங்ககிட்டதானே சுத்தம் பண்ணக் குடுப்பாரு.”

“வேற யாருகிட்ட குடுப்பாரு?” என்றார் எல்வுட். உறையைக் கல்லாமேல் பதமாக வைத்தார். இரண்டு வருஷம் மரியாதையாகக் காத்திருந்தவர். வியாழக்கிழமை விருந்துக்கு வெர்னாவை வீட்டுக்கு அழைத்தாயிற்று. துப்பாக்கியைப் பளபளவென்று கையில் கொடுத்துவிட்டு, அந்த நல்ல நேரத்திலேயே கல்யாண விஷயத்தைக் கேட்டுவிடுவது என்று அந்த நிமிஷமே மனதுக்குள் முடிவு செய்தார்.

வெர்னா கதவருகே போய்த் திரும்பினாள். “டெல்மரோட செவப்பு எண்ணெய கொஞ்சம் போட்டுப் பாருங்களேன். எல்லாரும் அவ்வளவு நல்லாருக்குன்னு சொல்றாங்க.”

அன்று முழுக்க எல்வுட் நீலக் குப்பிகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். சாவி வெட்டிக் கொண்டிருந்த தங்கை ஃபெர்ன், “என்னண்ணே, மூஞ்சியில துருப்பிடிச்சுக் கெடக்கு?” என்று கேட்டாள். ஃபெர்னுக்கு ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணனோடே இருக்கிறாள். அண்ணனின் மனதை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே படித்துவிடுவாள். அது அவருக்குப் பெரிய தொல்லை.

ராத்திரி படுக்கையில் எல்வுட் போட்ட கணக்கு இது: சிவப்பு எண்ணெயை ரகசியமாகப் போட்டுப் பார்ப்பது. நன்றாக இருந்தால் அது நீலக் குப்பியின் மகிமை. கெட்டுப்போனால், வெர்னா சொன்னாளே என்று டெல்மர் எண்ணெயைப் போட்டதன் பலன். எந்தப் பக்கம் விழுந்தாலும் தான் ஜெயித்தாயிற்று. இப்படி ஒரு யோசனை வந்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டு தூங்கினார்.

ஆனால் டெல்மரிடம் போய்க் கேட்பதாவது! புதன்கிழமை மத்தியானம், டெல்மர் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, ஜாம் பாட்டில் ஒன்றைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு பட்டறையின் பின்வாசல் வழியாக நுழைந்தார். இருபத்தைந்து வருஷமாக ஊருக்கே எண்ணெய் விற்றவர், சொந்தக் காரின் பானட்டை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி. பெஞ்சின்மேல் ஒரு கெச்சப் பாட்டில் நின்றது. வாயில் சின்ன ரப்பர் குழாய் செருகியிருந்தது. உள்ளே இருந்தது சிவப்பைவிடக் கொஞ்சம் பழுப்பு. அடடே, இது புதுக் கலவைபோல, வெளியே கொடுக்காமல் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறான், என்று எல்வுட்டுக்குத் தோன்றியது. பொறாமைப்படுகிறவன் கண்ணுக்கு, எதிராளியின் அழுக்குப் பாட்டில்கூட ரகசியப் பொக்கிஷமாகத்தானே தெரியும். பாதி ஜாம் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, குழலுக்கு, விசைக்கு, பூட்டுக்கு என்று தாராளமாகப் பூசினார். துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் வால்நட் மரப் பின்கட்டையைத் துடைக்க அவர் எப்போதும் ஆளிவிதை எண்ணெயைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அன்றைக்கு மட்டும், இரும்புக்கு இத்தனை மினுமினுப்பு என்றால் மரத்துக்கு எப்படி இருக்கும் என்று ஒரு ஆசை. டெல்மரே செய்யாததைத் தான் செய்துவிட வேண்டும். துணியை நனைத்து நனைத்துக் கட்டை முழுக்கத் தேய்த்தார். கண்ணாடிபோல் மின்னியது. புதிதாக வாங்கிய சிவப்புக் கட்டம் போட்ட ஃபிளானல் போர்வையில் கெட்டியாகச் சுற்றி, கயிறு கட்டி, ஒரு முடிச்சும் போட்டு வைத்தார்.

வியாழக்கிழமை மேஜையில் நாலு தட்டு இருந்தது. எல்வுட் மூன்றுதான் எதிர்பார்த்தார்.

“டெல்மர் ஒத்தையா இருக்காரே, வரச் சொன்னேன்,” என்றாள் ஃபெர்ன், வான்கோழிக்குப் பக்கத்தில் குழம்பை வைத்தபடி. அண்ணன் முறைத்த முறைப்பு அவள்மேல் பட்டுத் தெறித்துவிட்டது.

சாப்பாடு முழுக்க வெர்னா டெல்மர் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்ததாக எல்வுட்டுக்குப் பட்டது. உண்மையில் உருளைக்கிழங்குப் பாத்திரம் அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். கடைசி இனிப்பான பூசணிப் பை வருவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் மூட்டையைக் கொண்டுவந்து, மேஜையோரம் நின்று, முடிச்சை மெதுவாக, நாடகத்தில் திரை விலக்குவதுபோல் அவிழ்த்தார்.

போர்வை வரமாட்டேன் என்றது. இழுத்தார். சரக்கென்று பிசின் கிழிகிற சத்தம்.

வார்னிஷ் முழுக்கச் சுருங்கிக் கூழாகி, அதில் போர்வையின் சிவப்புப் பஞ்சு அப்பிக்கொண்டு, பின்கட்டைக்கு உடம்பெல்லாம் மயிர் முளைத்ததுபோல் இருந்தது. சில இடத்தில் வெறும் மரம் பல்லிளித்தது.

“டெல்மர் எண்ணெய்!” என்றார் எல்வுட் உடனே. யாரும் எதுவும் கேட்கவில்லை. “நீதான் வெர்னா போடச் சொன்னே. நான் அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன், கார் எண்ணெய் வேண்டாம்னு...”

டெல்மர் எழுந்து வந்தான். ஒரு விரலால் தொட்டான். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்து முகர்ந்தான்.

“இது செவப்பு எண்ணெயே இல்ல. பிரேக் ஆயிலு. வண்டியிலேர்ந்து புடிச்சு இறக்குன பழசு. வண்டிமேல ஒரு சொட்டு பட்டாலே பெயின்ட்டத் தின்னுடும்.” அப்புறம் நிதானமாகக் கேட்டான்: “எல்வுட், நான் உங்களுக்கு எப்ப எண்ணெய் குடுத்தேன்?”

“குடுக்கல... வந்து... ஊரெல்லாம்தான் குடுக்குறியே.”

“ஊருக்கெல்லாம் செவப்பு. குழாய் செருகுன பாட்டிலு என் பின்பெஞ்சிலதான் இருக்கு. ஊர்ல யாருக்கும் அது தெரியாதே.”

ஃபெர்ன் பூசணிப் பை வெட்ட வைத்திருந்த கத்தியைக் கீழே வைத்தாள். “புதன்கிழமை மத்தியானம் கடைய என்கிட்ட விட்டுட்டு எங்கண்ணே போனே? பல் டாக்டர்கிட்டன்னு சொன்னியே. எந்தப் பல்லு?”

எல்வுட் வாயைத் திறந்தார். பல் மட்டும் தெரிந்தது.

வெர்னா கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பின்கட்டையில் ஓரிடத்தை, பஞ்சை நீக்கிவிட்டு, விரலால் தடவினாள். “இங்கதான் கன்னத்த வச்சுக்குவாரு. இருபது வருஷத்துல அங்க மட்டும் வார்னிஷ் தேய்ஞ்சு, தேன் நிறமா ஆயிருந்துச்சு. அதுக்காகத்தான் வேற யாருகிட்டயும் குடுக்காம உங்ககிட்ட குடுத்தேன்.”

“வெர்னா, நானு...”

“நீங்க டெல்மருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருப்பாரு எல்வுட். கேக்குறதுதான் உங்களுக்கு வரல.”

அவள் சொன்னது எண்ணெயைப் பற்றித்தான். ஆனால் இரண்டு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த இன்னொரு கேள்வி, அந்த வார்த்தையோடு சேர்ந்து உள்ளேயே செத்துவிட்டது எல்வுட்டுக்குத் தெரிந்தது. வெர்னா கோட்டை மாட்டிக்கொண்டாள். டெல்மர் இரும்பையாவது மண்ணெண்ணெயில் கழுவித் தருகிறேன் என்றான். சரி என்று துப்பாக்கியை அவன் வண்டியில் வைத்தாள். பூசணிப் பையை யாரும் தொடவில்லை.

திங்கட்கிழமை வெர்னா வார்னிஷ் போய் வெறும் மரம் தெரிந்த அந்தத் துப்பாக்கியோடே காட்டுக்குப் போய், பத்து மணிக்குள் எட்டுக் கிளைக் கொம்பு மான் ஒன்றை வீழ்த்திவிட்டு வந்தாள். சங்கத்தில் கைதட்டினார்கள். எல்வுட் அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை, பல் வலி என்று பலகை தொங்கியது.

இனி மெக்கானிக்குக்கும் விதவைக்கும்தான் என்று ஊர் முடிச்சுப் போட்டது. எல்வுட்டும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக டெல்மரின் வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று டிசம்பர் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்க வேண்டியது வேறு திசையில் நடந்தது. அண்ணன் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க, யாரும் தொடாத அந்தப் பூசணிப் பையை எடுத்துக்கொண்டு ஃபெர்ன் பட்டறைக்குப் போனவள், அடுத்த வாரம் பாத்திரத்தைத் திருப்பி வாங்கப் போனாள். அதற்கடுத்த வாரம் எதற்குப் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெர்னா கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு, துப்பாக்கியோடு அல்டூனாவில் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டாள், திரும்பவில்லை. மே மாதம் லூதரன் கோயிலில் ஃபெர்னுக்கும் டெல்மருக்கும் கல்யாணம். மணப்பெண்ணைக் கைப்பிடித்து அழைத்து வந்தது எல்வுட்தான். அன்று சாயங்காலமே ஃபெர்ன் இரண்டு பெட்டியோடு பட்டறைக்கு மேலிருக்கும் அறைகளுக்குக் குடியேறினாள்.